மாமியார் உடைத்த குடமும் களத்துத் தராசும்

(காரைதீவில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் ஓய்வுநிலை அதிபர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மணி அவர்களே, முன்வரிசையில் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கும் ஆலய வண்ணக்கர் ஐயா அவர்களே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நெல் வெட்டுக் காலத்திலும் வயல் வட்டையை விட்டு வந்திருக்கும், வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானைமாரே, விவசாயப் பெருமக்களே, தாய்மாரே, மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத்தாருக்குத் தனியாக ஒரு நன்றி. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊரில் மேடையேறுவது சின்ன விடயம் இல்லை. இங்கே கேட்பவர்கள் பேசுபவரை விடப் படித்தவர்கள்.

தந்த தலைப்பு: ‘சரி, பிழை ஊருக்கு ஊர் மாறுமா, எங்கும் ஒன்றா?’ மூன்று விடயம் பேசலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, வழமைகள் எப்படி வேறுபடுகின்றன. இரண்டு, வேறுபட்ட வழமைகளுக்கு அடியில் பொதுவான அளவுகோல் ஏதும் உண்டா. மூன்று, இன்னோர் ஊராரின் வழக்கத்தைப் பிழை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை, சட்டம் அதில் எவ்வளவு தூரம் நுழையலாம்.

முதலாவதுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம்; ஒல்லாந்தர் அதை 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். மட்டக்களப்பில் முக்குவர் சமூகத்தாரின் முக்குவர் சட்டம் இருந்தது. தாய்வழி முதுசம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. சொத்து மகனுக்கா சகோதரியின் மகனுக்கா என்பதில் யார் சரி, யார் பிழை? ஒருவரும் பிழை இல்லை. அது ஏற்பாடு. இந்த அளவுக்கு ‘எல்லாம் ஊரைப் பொறுத்தது’ என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

அவர்கள் எப்போதும் எடுத்து வைப்பது ஒரு பழைய கதை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தது. 2,400 வருடத்துக்கு மேலாகிறது. பாரசீகச் சக்கரவர்த்தி தாரியஸ் தன் அரண்மனையில் இருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டான். “செத்துப்போன உங்கள் தகப்பன்மாரின் உடலைத் தின்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?” என்று கேட்டான். கிரேக்கர்கள் உடலை எரிக்கிறவர்கள். எவ்வளவு தந்தாலும் முடியாது என்றார்கள். அரசன் விடவில்லை. இந்தியப் பக்கத்திலிருந்து வந்த கல்லாத்தியர் என்ற கூட்டத்தாரை அழைத்தான். அவர்கள் பெற்றோரின் உடலைத் தின்கிறவர்கள். அதுதான் அவர்களுக்கு மரியாதை. கிரேக்கர்களையும் பக்கத்தில் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளன் மூலம் எல்லாம் அவர்களுக்கு விளங்கும்படி வைத்துக்கொண்டு கேட்டான்: “உங்கள் தகப்பன்மாரை எரிப்பதற்கு எவ்வளவு வேண்டும்?” கல்லாத்தியர் சத்தம் போட்டுக் கத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட பேச்சையே எடுக்காதே என்றார்கள், யாரிடம்? சக்கரவர்த்தியிடம்! (அந்த மொழிபெயர்ப்பாளனின் பாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்து ஏச்சும் அவன் வாயால்தான் வரவேண்டும்.)

வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார். நியாயம்தான். ஆனால் அரசன் கேட்ட கேள்வியை மறுபடி பாருங்கள். ‘எவ்வளவு?’ என்று விலை கேட்டான். எரிப்பவனும் விற்கவில்லை, தின்பவனும் விற்கவில்லை. உடலை என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. தகப்பனுக்குரிய கடமைக்கு விலை இல்லை என்பதில் இரண்டு கூட்டமும் ஒரே ஆள். கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியில் மட்டும் அவசரப்படுகிறார்கள்.

இப்போது நான் எங்கே பேசினாலும் சொல்லும் பழமொழிக்கு வருகிறேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். (நம் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். ஆகவே குடம் உடைப்பவர் மருமகனாக இருப்பார். அவருக்கு ஏச்சும் குறைவு.) இந்தப் பழமொழி குடத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து அளவை மாற்றுவதைக் கேலி செய்கிறது. ‘எனக்கு ஓர் அளவு, உனக்கு ஓர் அளவு’ என்பதை அறம் என்று வாய்விட்டுச் சொல்ல மனிதர் பெரும்பாலும் கூசுவார்கள். செய்வார்கள், சொல்ல மாட்டார்கள்.

வேதங்களைப் பாருங்கள். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்கிறது நீதிமொழிகள். குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், தான் வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவனுக்குக் கேடு என்று தொடங்குகிறது. வள்ளுவரோ “பொய்மையும் வாய்மை யிடத்த” என்றார். பார்த்தீர்களா, அவரே நெகிழ்ந்துவிட்டார் என்பார்கள். மிச்சத்தையும் வாசியுங்கள்: “புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்”. அளவுகோல் அந்த மிச்சப் பகுதியில் இருக்கிறது, அது அசையவில்லை. வைக்கிற பொருளுக்கு ஏற்ப வாசிப்பு மாறுகிறது. வாசிப்பு மாறுவதைக் கண்டு தராசே இல்லை என்று சொல்வதுதான் கோளாறு.

தராசு என்றதும் நம் வட்டைக்கு வருவோம். பிரதேச செயலாளர் அம்மணி இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

நெல் சந்தைப்படுத்தும் சபை ஏற்கும் ஈரப்பதன் 14 சதவீதம். ஈரத்துக்காக மூடைக்கு 2 கிலோ என்று எல்லாருக்கும் ஒரே கழிவு போடும் வியாபாரியை எடுங்கள். “எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே” என்பார். கணக்குப் பாருங்கள். 65 கிலோ மூடை, ஈரப்பதன் 20. தண்ணீர் நீங்கலான பங்கு, நூறிலிருந்து 20ஐக் கழித்தால் 80. 14ஐக் கழித்தால் 86. 65ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 60.5; 14க்குக் காய்ந்தபின் மிஞ்சும் கிலோ அது. நியாயமான கழிவு 4.5 கிலோ. வெயிலில் காயவைத்து 14க்குக் கொண்டுவந்த நெல்லில் 65 கிலோ மூடை தருபவருக்கு நியாயமான கழிவு பூச்சியம். இருவருக்கும் 2 கிலோ போட்டால், பாடுபட்டுக் காயவைத்தவர் 2 கிலோ தண்டம் கட்டுகிறார். மெசின் வெட்டிய கையோடு ஈரமாகக் கொண்டுவந்தவருக்கு 2.5 கிலோ லாபம். பிறகு யார் நெல்லைக் காயப்போடுவார்? ஒரே இலக்கத்தை எல்லாருக்கும் போடுவது ஒரே அளவுகோல் ஆகாது. ஈரப்பதன் மானியும் விளையாடும். வெயிலில் சூடேறிய நெல்லை உடனே வைத்தால் பிழையாகக் காட்டும். அரிசிக்கோ சோளத்துக்கோ உள்ள தெரிவில் வைத்தாலும் அப்படித்தான். பல மூடைகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து, ஆறவைத்து, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

சாக்குக் கழிவும் உண்டு. சணல் சாக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். உரப்பை நூறு, நூற்றைம்பது கிராம்தான். உரப்பைக்கு ஒரு கிலோ கழித்தால் அது மருமகள் உடைத்த குடம்.

தராசைச் சோதிக்க முத்திரையிட்ட 20 கிலோப் படிக்கல் ஒன்று போதும். களத்து மண்ணில் வைக்காதீர்கள். சமமான சீமெந்துத் தரையில் வையுங்கள். ஏற்றுமுன் பூச்சியம் காட்டுகிறதா பாருங்கள். கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள்; ஐந்து இடத்திலும் ஒரே எண் வரவேண்டும். பிறகு நெல் மூடையை ஏற்றி எண்ணைக் குறித்து, அதன்மேல் கல்லை வையுங்கள். சரியாக 20 கூடவேண்டும். வெறுந்தட்டில் ஒழுங்காகக் காட்டி, பாரம் ஏறியதும் குறைத்துக் காட்டும் தராசு இதில்தான் அகப்படும். 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் பற்றிய 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உங்கள் பக்கம்.

படிக்கல்லே பிழையாக இருந்தால் என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பிரான்சில் 1889 முதல் உலகத்துக்கே மூலக் கிலோவாக இருந்த உலோக உருளைக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையில், சுமார் நூறு வருடத்தில், ஒரு கிராமின் இருபதாயிரத்தில் ஒரு பங்களவு வேறுபாடு கண்டார்கள். அதற்காகக் கிலோ என்பதே மாயை என்று யாரும் சொல்லவில்லை. 2019 மே 20இலிருந்து இயற்கையின் மாறிலி ஒன்றைக் கொண்டு அதைத் திருத்தி வரையறுத்தார்கள். அறத்தின் அளவுகோலையும் மனிதர் பிழையாக வாசித்திருக்கிறார்கள்; அடிமை முறையை நியாயம் என்ற காலம் இருந்தது. திருத்தினார்கள். அளவே இல்லாவிட்டால் திருத்தியதை எதை வைத்துத் திருத்தம் என்போம்?

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மூன்றாவது விடயம், பிறர் வழக்கத்தில் சட்டம் நுழைவது பற்றி, தனிக் கூட்டம் கேட்கும். தலைவர் மனம் வைத்தால் அடுத்த பௌர்ணமி.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கேட்பது இரண்டே பொருள்: அடுத்த பெரும்போக வெட்டுக்கு முன் நம் மாவட்டத்தின் ஒவ்வொரு கமநல சேவைகள் நிலையத்துக்கும் முத்திரையிட்ட 20 கிலோப் படிக்கல் ஒன்று, விவசாயி எடுத்துப் பார்க்கக்கூடிய ஈரப்பதன் மானி ஒன்று. வட்டவிதானைமார் முதலில் ஒப்பமிட வேண்டும். நெல் வாங்கும் முதலாளிமார் இருவர் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒப்பமிட இடம் விட்டிருக்கிறோம். தேநீர் பிறகு.