பிரஷர் என்று முடித்துவிடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையிலும் வெள்ளவத்தைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று கடும் தலையிடி, சத்தி. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. ஸ்கான் எடுத்தால் மூளைக்குள் இரத்தக்கசிவு. "பிரஷர் ஏறி நரம்பு வெடிச்சிட்டுது" என்கிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் சிலருக்கு அந்த இரத்தத்துக்குப் பின்னால் ஒரு கட்டி இருக்கும். இன்று அவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

கட்டி வளர இரத்தம் வேண்டும். அதற்காகப் புதுக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. சீமெந்து இறுகுமுன் அடுக்கிய மதில் போல அவற்றின் சுவர் பலமில்லாதது. பிரஷர் சரியாக இருந்தாலும் கசியும். மூளையிலேயே தோன்றும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்று இப்படிக் கசியக்கூடியது. தோலில் வரும் மெலனோமா, சிறுநீரகப் புற்று, தைராய்டுப் புற்று ஆகியவை மூளைக்குப் பரவினாலும் கசியும் ஆபத்து அதிகம்.

இன்னொன்றை அம்மாமார் கவனமாகக் கேட்க வேண்டும். கோரியோகார்சினோமா என்று ஒரு புற்று உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகோ (கரு சரியாக உருவாகாமல் நச்சுக்கொடித் திசு திராட்சைக் குலைபோல வளரும் கர்ப்பம் அது), கரு கலைந்த பிறகோ, நல்லபடியாகப் பிள்ளை பெற்ற பிறகோகூட வரலாம். அது மூளைக்குப் போனால் இளம் பெண்ணின் தலைக்குள் இரத்தம் கசியலாம். கர்ப்ப ஹோர்மோனைப் பார்க்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே சந்தேகம் பிடிபட்டுவிடும். கீமோதெரபிக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் புற்று இது. ஆனால் அந்தக் கர்ப்பத்தை வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியருக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து சொல்லுங்கள்.

சிடி ஸ்கானில் புது இரத்தம் வெள்ளையாகத் தெரியும். பிரஷரால் வரும் கசிவு பொதுவாக மூளையின் ஆழமான பகுதிகளில் இருக்கும். வழக்கமில்லாத இடத்தில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தாலோ, முதல் நாளே சுற்றிலும் வீக்கம் அதிகமென்றாலோ கட்டியைச் சந்தேகிப்போம். சிக்கல் என்னவென்றால், அந்த இரத்தமே கட்டியை மூடிவிடும். அதனால்தான் சில கிழமைகளோ இரண்டு மூன்று மாதங்களோ கழித்து, இரத்தம் கரைந்த பிறகு, மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுக்க வரச் சொல்கிறோம்.

நான் பார்த்த ஒரு ஐயாவின் கிளினிக் புத்தகத்தில் அந்தத் திகதி சிவப்புப் பேனையால் எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தது. கை கால் சரியாகி, கோயிலுக்கும் நடந்து போய் வந்தார். "சுகம்தானே" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து வலிப்போடு கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கத்தை மகள் என்னிடம் விரித்துக் காட்டிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அறிகுறி தெரிந்த உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வார்ஃபரின் போல இரத்தத்தை இளக்கும் மருந்து குடிப்பவரென்றால் அந்த மருந்து அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பத்து வருஷத்துக்கு முன் வெட்டி எடுத்த மச்சத்தைக்கூடச் சொல்லுங்கள், அது மெலனோமாவாக இருந்திருக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே இருப்பேன். கிளினிக் புத்தகம் கொண்டுவந்தவர்கள் வாருங்கள், அடுத்த ஸ்கான் திகதியைச் சேர்ந்து பார்ப்போம்.