விலை பேசறதுக்கு முன்னாடி வண்டிய தூக்கி பாருங்க

வணக்கம் நேயர்களே. பழைய கார் வாங்கறத பத்தி பேச முடியுமான்னு கேட்டாங்க, உடனே சரின்னுட்டேன், ஏன்னா நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கறவன், என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசி பேர் பணத்த குடுத்து முடிச்சுட்டு தான் வர்றாங்க, "அண்ணா வண்டி எடுத்துட்டேன், கொஞ்சம் செக் பண்ணி சொல்லுங்க"ன்னு. எடுத்த வண்டிய பாத்து நான் என்னங்க சொல்றது? அதுலயும் பாதி பேர் அவங்க வீட்லயே மொதல் தடவையா கார் வாங்கறவங்க, சீட்டு எடுத்து, நகைய வச்சு சேத்த காசு. அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

நம்ம ஆளுங்க செய்யற வரிசையே தப்பா இருக்கு. போட்டோ பாக்கறாங்க, வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டறாங்க, விலை பேசி முடிக்கறாங்க, டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் குடுக்கறாங்க, அதுக்கப்பறம் தான் மெக்கானிக்க கூட்டிட்டு போறாங்க. நிச்சயம் பண்ணிட்டு ஜாதகம் பாக்கற கதை தான் இது. மெக்கானிக் பத்து குறை சொன்னாலும் அப்ப பேச முடியாது, "விலை தான் பேசியாச்சே தம்பி"ன்னுருவாங்க. மொதல்ல செக்கிங், அப்பறம் விலை, அதுக்கும் அப்பறம் தான் அட்வான்ஸ்.

நேர்ல போறதுக்கு முன்னாடி வீட்ல இருந்தே ஒரு வேலை முடிச்சிடலாம். வண்டி நம்பர வாங்கி அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல போடுங்க. எந்த வருஷ ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எப்ப வரைக்கும், லோன் ஓடுதான்னு காட்டும். இ-சலான், அதாவது டிராஃபிக் அபராதம், பாக்கி இருக்கான்னும் தனியா பாத்துடுங்க. பேங்க்ல லோன் இருந்தா, லோன் முடிஞ்சுது, ஆட்சேபணை இல்லன்னு பேங்க் குடுக்கற என்ஓசியும், ஆர்சில இருந்து லோன நீக்கற ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழு பணத்த குடுக்கவே கூடாது. பாண்டிச்சேரி நம்பர் வண்டி விலை கம்மியா வரும், ஆனா அத இங்க மாத்த அங்க இருக்கற ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு என்ஓசி வாங்கணும், தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ், அதாவது ஆயுள் வரி, கட்டணும், அந்த கணக்க போட்டுட்டு தான் கம்மியா இல்லையான்னு சொல்லணும்.

அடுத்து செக்கிங்க எப்படி ஏற்பாடு பண்றதுன்னு பாப்போம். மெக்கானிக் உங்க ஆளா இருக்கணும், கூலி நீங்க குடுக்கணும். புரோக்கர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேண்டாம், கன்சல்டிங்ல, அதாவது பழைய கார் விக்கற கடையில, "எங்க பசங்களே பாத்தாச்சு சார்"னு சொன்னா அதுவும் வேண்டாம். மெக்கானிக்குக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ குடுக்க யோசிக்கறவங்க நாலு லட்சத்த யோசிக்காம குடுக்கறாங்க, இது எனக்கு எப்பவுமே புரியல. வண்டிய லிஃப்ட்ல ஏத்தி அடியில பாக்கற வசதி இருக்கற ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு வர சொல்லுங்க, "அண்ணா வண்டி புடிச்சிருக்கு, ஒரு மணி நேரம் எங்க மெக்கானிக் பாக்கணும், நீங்களே ஓட்டிட்டு வாங்க, டீசல் நான் போட்டுக்கறேன்"னு மரியாதையா கேளுங்க. நல்ல வண்டி வச்சிருக்கறவர் பெரும்பாலும் ஒத்துக்குவார். வேற பார்ட்டி இன்னைக்கு சாயங்காலம் வர்றாங்க, அதெல்லாம் முடியாதுன்னு அவசரப்படுத்தினா விட்டுடுங்க, இன்னொரு வண்டி கெடைக்கும்.

செக்கிங்குக்கு கெளம்பற அன்னைக்கு காலையில மொதல் ஸ்டார்ட்டுக்கு வண்டி நிக்கற எடத்துல நீங்க இருக்கணும், இது ரொம்ப முக்கியம். "நீங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடி நாளே சொல்லிடுங்க. பானட்ட தொட்டு பாருங்க, சூடா இருந்தா யாரோ ஏற்கனவே ஓட்டியிருக்காங்க, ஏன்னு கேளுங்க. சூடான இன்ஜின் நெறய விஷயத்த மறைச்சிடும். புகை நீலமா வந்தா ஆயில் எரியுது, சூடானப்பறமும் வெள்ளையா வந்துட்டே இருந்தா இன்ஜின குளிர வைக்கற கூலண்ட் தண்ணி உள்ள போகுதோன்னு சந்தேகப்படணும், ரெண்டுமே பெரிய செலவு. ஆயில் மூடிய கழட்டி பாத்தா உள்பக்கம் காபி மாதிரி கொழகொழன்னு இருக்கக் கூடாது. சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில செகண்ட்ல அணையணும், எரியவே இல்லன்னா சந்தோஷப்படாதீங்க, லைட்டையே புடுங்கி விட்டிருக்கலாம், அடிபட்டு ஏர்பேக் வெடிச்ச வண்டியா இருக்கலாம்.

அடிபட்ட வண்டிய கண்டுபிடிக்க பெயிண்ட்ட மட்டும் பாக்காதீங்க, பட்டி வச்சு நல்லா பெயிண்ட் அடிக்கற டிங்கர் நம்ம ஊர்ல தாராளமா இருக்காங்க. பானட், ஃபெண்டர் போல்ட்ல ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கா, பானட்ட தொறந்தா ரெண்டு பக்கமும் தெரியற ஏப்ரன் தகடுல கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியா வரிசையா இருக்கா இல்ல கையால வெல்டு வச்சிருக்கா, இத பாருங்க. ஒவ்வொரு கண்ணாடியிலயும் ஓரத்துல வருஷக் குறி இருக்கும், ஒரு கதவு கண்ணாடி மட்டும் வேற வருஷம்னா அந்த பக்கம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. பம்பர் மாத்தினது, கதவுல டென்ட் எடுத்தது எல்லாம் பெரிய விஷயமில்ல, நம்ம ரோட்டுல அது சகஜம். சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், வரைக்கும் அடி போயிருந்தா மட்டும் எவ்வளவு விலை கொறச்சாலும் வாங்காதீங்க, குழந்தைங்கள வச்சு ஓட்டற வண்டிங்க அது.

வெள்ளத்துல நின்ன வண்டி இன்னொரு தலைவலி. 2015 டிசம்பர்ல சென்னை, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல மறுபடி சென்னை, அதே மாசம் தூத்துக்குடி, நெல்லை, இதுல தண்ணியில முங்கின வண்டிங்க கொஞ்சமா நஞ்சமா. ரிப்பேர் பண்ணி லாபமில்ல, டோட்டல் லாஸ்னு இன்சூரன்ஸ் கம்பெனி எழுதின வண்டிய ஏலத்துல எடுத்து, கழுவி, தேச்சு, வேற ஊர்ல விக்கறது நடக்குது. அதனால சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் முழுசா இழுத்து பாருங்க, அடிப்பகுதியில சேத்துக் கறை தெரியும். ஸ்டெப்னி குழிக்குள்ள மண்ணு, சீட் அடியில அது நகர்ற கம்பியில துரு, கார்பெட்ட தூக்கினா புழுக்கம் புடிச்ச வாசனை. உள்ள நுழைஞ்சதும் சென்ட் வாசனை தூக்கலா அடிச்சா ஏசிய போட்டு கொஞ்ச நேரம் கண்ணாடி ஏத்தி உக்காருங்க, உண்மையான வாசனை வந்துரும்.

கிலோமீட்டர் கொறைக்கறத பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மீட்டர நம்பாதீங்க. ஓனர வச்சே கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி வாங்குங்க. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2321ன்னா 2021ல 23வது வாரம் செஞ்ச டயர். மீட்டர்ல முப்பதாயிரம் தான் காட்டுது, ஆனா 2018 வண்டியில நாலும் 2022 டயர்னா, முப்பதாயிரத்துக்குள்ள ஏன் மாத்தினீங்கன்னு கேக்கலாம் இல்லையா? கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழன்னு தேஞ்சிருந்தா அதுவும் ஒரு சாட்சி தான்.

இப்ப விலைக்கு வருவோம். விக்கறவர் பொதுவா "எடுக்கும்போதே எட்டு லட்சம் ஆச்சு"ன்னு ஆரம்பிப்பார், அந்த எட்டு லட்சத்துல டாக்ஸ், இன்சூரன்ஸ், சீட் கவர் எல்லாம் இருக்கும், அது நமக்கு கணக்கே இல்ல. அதே வண்டி இன்னைக்கு புதுசு என்ன விலைன்னு பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா கொறஞ்சிடுச்சு, புது வண்டி விலை எறங்கினா பழசும் எறங்கித் தான் ஆகணும். அதே மாடல், அதே வருஷம், அதே டீசலோ பெட்ரோலோ, அஞ்சாறு விளம்பரத்த பாத்து ஒரு நடு விலைய மனசுல வச்சுக்கங்க.

அப்பறம் மெக்கானிக் எழுதி குடுத்த எஸ்டிமேட். உதாரணத்துக்கு விக்கறவர் 4,60,000 சொல்றார், மார்க்கெட்ல 4,40,000 போகுது, டயர் நாலுக்கு 20,000, சக்கரத்த தாங்கற லோயர் ஆர்ம், புஷ் வேலை 9,000, பேட்டரி 5,000னு எஸ்டிமேட் வந்திருக்கு. நீங்க வண்டிய கொற சொல்லவே வேண்டாம், ஆசையா வச்சிருந்த வண்டிய மட்டம் தட்டினா மனுஷனுக்கு கோவம் தான் வரும். "அண்ணா, நல்லா வச்சிருக்கீங்க, மார்க்கெட் விலை இது, வேலை 34,000 இருக்கு, நான் எடுத்த ஒடனே செய்யணும், 4,00,000க்கு குடுங்க"ன்னு பேப்பர நீட்டிட்டு அமைதியா இருங்க, அவர் யோசிக்கட்டும். 4,06,000 வரைக்கும் நியாயம், அதுக்கு மேல கொஞ்சம் ஏறினாலும் வண்டி சுத்தமா இருந்தா எடுக்கலாம், ஆனா உங்க கடைசி விலை வீட்ல இருந்து கெளம்பும்போதே முடிவாகியிருக்கணும். மொதல் தடவை குழந்தைங்கள கூட்டிட்டு போகாதீங்க, பின் சீட்ல ஏறி உக்காந்து "அப்பா இதையே எடுப்போம்"னு சொன்னா அங்கேயே உங்க பேரம் முடிஞ்சுது. புரோக்கர் நடுவுல இருந்தா அவருக்கு பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கமிஷன், அதனால ஓனர் கிட்ட நேரா பேசணும்னு கேளுங்க.

அட்வான்ஸ் குடுக்கும்போது பேப்பர்ல எழுதி வாங்குங்க, என்ஓசி வரலன்னா பணம் திரும்பணும்னு. மீதிய ஆர்சியில பேர் இருக்கறவர் அக்கவுண்ட்டுக்கு தான் போடணும், ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க வருமான வரி சட்டத்துல தடை இருக்கு. பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி வீட்ல வச்சுக்காம 30 நாளைக்குள்ள பேர் மாத்துங்க. விக்கறவங்களுக்கும் சொல்றேன், ஆர்சி உங்க பேர்ல இருக்கற வரைக்கும் விபத்து இழப்பீடு உங்க தலையில தான் விழும்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, அதனால வண்டிய ஒப்படைச்ச தேதி, நேரம் போட்டு டெலிவரி நோட் ரெண்டு பேருமே வச்சுக்கங்க. இன்சூரன்ஸ உங்க பேருக்கு மாத்த 14 நாளைக்குள்ள எழுதி குடுக்கணும். அதுல இருக்கற நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி, பழைய ஓனரோடது, உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்த நீங்க கட்ட வேண்டியிருக்கும், அதனால விலை பேசும்போதே அதையும் எஸ்டிமேட்ல சேத்துடுங்க. அவரோட ஃபாஸ்டேக்க அவர் க்ளோஸ் பண்ணட்டும், நீங்க புதுசா போட்டுக்கங்க. சாவி ரெண்டையும் கேட்டு வாங்குங்க, ஒண்ணு தான் இருக்குன்னா புது சாவி போட சில வண்டிக்கு ஆயிரக்கணக்குல ஆகும், அதையும் கழிக்க சொல்லுங்க. வணக்கம்.