ஆட்டோவில் ஏற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரை – தாம்பரம் மின்ரயில் நடைமேடையில் ஒருவர் திடீரெனச் சாய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். கைகால் வெட்டினால் இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். நாலு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான். ஆனால் இதயம் நின்றிருந்தால், இத்தனை நேரமும் மூளைக்கு ரத்தம் போகவில்லை. நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். இதயம் நிற்கும் அந்தக் கணத்தில் வலிப்பு மாதிரி வெட்டுவதும் உண்டு. இரும்பு அதற்கு மருந்தல்ல. நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் சி.பி.ஆர். என்ற முதலுதவிதான் அப்போது வேண்டும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்கு மேல் பார்க்க வேண்டாம். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கரையில் போட்ட மீனைப் போல வாய் திறந்து மூடும். இடைவிட்டு இடைவிட்டு ஒரு இழுப்பு வரும். ‘மூச்சு இருக்குப்பா’ என்று விட்டுவிடுவார்கள். அது மூச்சல்ல.

உடனே தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஆட்டோ சீட்டிலோ அழுத்தவே இடமிருக்காது. நெஞ்சின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வையுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முப்பது எண்ணி முடிக்க 15 முதல் 18 விநாடி ஆனால் வேகம் சரி.

ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும். அடிபம்பின் கைப்பிடியைப் பாதியிலேயே திருப்பினால் தண்ணீர் ஏறுமா? இதயமும் அப்படித்தான், நெஞ்சு எழும்பும்போதுதான் அதில் ரத்தம் நிரம்பும். களைத்தவர் தன்னை அறியாமலே நெஞ்சின் மேல் சாய்ந்துவிடுவார். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீர்கள். வாயோடு வாய் ஊதப் பழகாதவர், பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டும் கொடுத்தாலும் போதும்.

குழந்தைகள் விஷயம் வேறு. பக்கெட்டிலோ சம்ப்பிலோ மூழ்குவது, கடலை தொண்டையில் அடைப்பது என்று அங்கே பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நிற்கிறது; இதயம் அதன் பிறகே நிற்கும். ஆகவே காற்று கட்டாயம் வேண்டும். 30 அழுத்தம், 2 ஊதல். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும்: பிள்ளைகளுக்குச் சுமார் 5 செ.மீ., ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவுக்கு 4 செ.மீ. சிசுவின் நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல்களால் அழுத்துங்கள். கழுத்தைப் பின்னால் வளைக்காமல் நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் ஒரு விநாடி ஊதுங்கள். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம். கையில் போன் இல்லாமல் தனியாக இருந்தால், இரண்டு நிமிடம் இதைச் செய்துவிட்டுப் பிறகு உதவிக்கு ஓடுங்கள்.

கேட்டது கைக்கு வராது. பயிற்சி பொம்மையின் மேல் ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள், 5 செ.மீ. எவ்வளவு ஆழம் என்பது அப்போதுதான் தெரியும். நெஞ்சில் பட்டை ஒட்டி இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியையும் அங்கேயே காட்டச் சொல்லுங்கள். அது தானே பேசி வழிகாட்டும். நம் ஊர் வியர்வையில் பட்டை ஒட்டாது; நெஞ்சைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஷாக் கொடுத்த அடுத்த நொடியே மறுபடி அழுத்தத் தொடங்குங்கள். அவர் அசையும் வரை, அல்லது 108 ஊழியர் வந்து கைமாற்றிக்கொள்ளும் வரை.