முகதாட்சண்யத்தில் ஒரு பயணம்

[திரையில்: கைபேசி. "மன்னிக்கவும், வர முடி" என்று அடித்து, அழிக்கும் விரல்.]

ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றுகிறேன், கூடமாட ஒத்தாசைக்கு வர முடியுமா என்று நண்பர் கேட்கிறார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கலாம் என்றிருந்தீர்கள். மறுப்பைப் பாதி அடித்து அழித்துவிட்டு, "அதற்கென்ன, வந்துவிடுகிறேன்" என்று அனுப்புகிறீர்கள். கூடவே ஒரு சிரிப்பு முகம் வேறு.

இதற்குத் தமிழில் புழங்கும் சொல் முகதாட்சண்யம். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமே என்று மனதில் இருப்பதை விழுங்கிக்கொள்வது.

[திரையில்: வெயில் காயும் சாலை, பழைய கார்.]

ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1974-ல் தன் வீட்டுக் கதை ஒன்றை எழுதினார். டெக்சாஸில் கோல்மன் என்ற சிற்றூர், மாமனார் வீடு. கொளுத்தும் வெயில். நால்வரும் நிம்மதியாக டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மாமனார், "அபிலீன் போய்ச் சாப்பிட்டு வரலாமா?" என்கிறார். 53 மைல் தூரம். காரில் ஏசி கிடையாது. ஹார்வியின் மனைவி, "நல்ல யோசனை" என்கிறார். ஹார்விக்கு இஷ்டமில்லை. ஆனாலும், "சரி, அத்தையும் வந்தால் போகலாம்" என்று பந்தை அந்தப் பக்கம் தள்ளுகிறார். மாமியாரும் தலையாட்டிவிடுகிறார். (நான் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாகக் காரில் ஏறியிருப்பேன்.)

புழுதியும் வியர்வையுமாகப் போய், வாய்க்கு விளங்காத சாப்பாட்டைச் சாப்பிட்டு, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்புகிறார்கள். அப்புறம்தான் பூனைக்குட்டி வெளியே வருகிறது. மாமியார் வீட்டிலேயே இருந்திருப்பாராம். ஹார்வியும் அவர் மனைவியும் மற்றவர்களுக்காகத்தான் கிளம்பினார்களாம். கடைசியில் மாமனார்: "எனக்கு எங்கே ஆசை? உங்களுக்குப் போரடிக்குமே என்றுதான் கேட்டேன்."

இதற்கு 'அபிலீன் முரண்' என்று பெயரே நிலைத்துவிட்டது. நால்வரில் ஒருவர்கூடச் சுயநலக்காரர் இல்லை, சிக்கலே அதுதான். அடுத்தவர் விருப்பத்துக்கு விட்டுக்கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் விட்டுக்கொடுப்பது நம் ஊகத்துக்கு. அவரும் நம்மைப் பற்றி ஓர் ஊகத்தில்தான் பேசியிருப்பார்.

அதனால் கேட்கிறவருக்கும் இதில் வேலை இருக்கிறது. "வருவீர்கள்தானே?" என்று கேட்டால் 'இல்லை' சொல்ல இடமே இல்லை. "ஞாயிறு உங்களுக்கு எப்படி?" என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

[திரையில்: மீண்டும் கைபேசி, இம்முறை நண்பருடையது.]

அந்த நண்பர் சாமான் ஏற்ற ஏற்கெனவே ஆள் பேசிவிட்டார். சொல்லாமல் விட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்களே என்றுதான் கேட்டார்.