முன்பணம் கட்டி மீட்ட அனிமே

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானில் தயாராகும் கார்ட்டூன் தொடர்களுக்கு அனிமே என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் டோரேமானையும் ஷின்சானையும் தமிழிலேயே பார்க்கிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, டோக்கியோவில் ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே புதுத் தொடர்கள் ஆங்கில சப்டைட்டிலோடு ஃபோனுக்கு வந்துவிடுகின்றன. அதனால் ஜப்பான்காரர்கள் வரைந்த எல்லாமே எங்கேயாவது ஆங்கிலத்தில் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. எழுபது, எண்பதுகளில் வந்த தொடர்களில் ஏராளமானவை ஆங்கிலப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தவற்றில் சில வீடியோ கேசட் காலத்தோடு நின்றுபோயின.

இதில் யாருக்கும் யார் மேலும் விரோதம் இல்லை. கணக்குதான் இடிக்கிறது. ஒரு பழைய தொடரை அமெரிக்காவில் புளூ-ரே தட்டாக வெளியிட, முதலில் ஜப்பானில் இருக்கும் உரிமையாளருக்குக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுக்க வேண்டும். உரிமையாளர் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசைத்தட்டு நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று நாலைந்து பேர் சேர்ந்த தயாரிப்புக் குழு அது. உறையில் போடும் படம் வரை அவர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்புறம் மூலப்பிரதி, மொழிபெயர்ப்பு, தட்டு அச்சடிப்பு. ஆங்கிலக் குரல் வேண்டும் என்றால் செலவு இன்னும் எகிறும். வாயசைவுக்குப் பொருந்த வசனம் எழுதுபவர், இயக்குநர், நடிகர்கள், ஒலிப்பதிவாளர் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் சம்பளம். இவ்வளவும் செய்து ஆயிரமோ இரண்டாயிரமோ பேர்தான் வாங்குவார்கள் என்றால் எந்த முதலாளி இறங்குவார்?

நம் பதிப்பகங்களில் முன்வெளியீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. பெரிய தொகுப்பு வரப்போகிறது, இந்தத் தேதிக்குள் பணம் கட்டினால் விலையில் சலுகை என்று அறிவிப்பார்கள். அனிமே ரசிகர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், இங்கே இலக்குத் தொகை சேராவிட்டால் வெளியீடே கிடையாது. ஒரு திட்டத்துக்கு இணையத்தில் பலரிடம் பணம் திரட்டுவதைக் கூட்டுநிதி என்பார்கள். அதற்கென்றே 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் விதி அது. குறித்த நாளுக்குள் முழுத் தொகைக்கும் உறுதி வந்தால்தான் யாருடைய அட்டையிலிருந்தும் பணம் எடுக்கப்படும். தளத்தின் பங்கு 5 சதவீதம், பணம் வசூலிக்கும் கட்டணம் தனி.

இந்த வழியில் முதலில் இறங்கியவர்களில் அனிம்ஈகோ நிறுவனம் முக்கியமானது. 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய சின்ன நிறுவனம். அதை நடத்திய ராபர்ட் உட்ஹெட், 1981-ல் வந்த விசார்ட்ரி என்ற புகழ்பெற்ற கணினி விளையாட்டை எழுதிய இருவரில் ஒருவர். 2013-ல் இவர்கள் கையில் எடுத்தது பபிள்கம் கிரைசிஸ். 1987 முதல் 1991 வரை ஜப்பானில் நேராக வீடியோவுக்கென்றே எடுக்கப்பட்ட எட்டுப் பாகங்கள். 2032-ம் ஆண்டின் டோக்கியோவில், இயந்திரக் கவசம் அணிந்த நான்கு பெண்கள் கட்டுமீறிய ரோபோக்களோடு மோதும் கதை. கேட்டது 75,000 டாலர், வந்தது சுமார் இரண்டு மடங்கு. இளவயதில் கேசட்டில் பார்த்தவர்கள் அதற்குள் வேலையில் நிலைத்து, செலவழிக்கக் கையில் காசோடு இருந்தார்கள். இந்த ரகத் திட்டங்கள் ஓடுவதே பெரும்பாலும் அந்தத் தலைமுறையின் சம்பளத்தில்தான் என்பது என் கணிப்பு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆரியா. ஜுன்இச்சி சாத்தோ இயக்கியது. 2005 முதல் 2008 வரை மூன்று பருவங்கள், 52 அத்தியாயங்கள். வருங்காலத்தில் செவ்வாய்க் கிரகத்தைத் தண்ணீர் நிறைந்த உலகமாக மாற்றி, அங்கே வெனிஸ் நகரத்தைப் போலவே ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதன் கால்வாய்களில் பயணிகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் வேலையைப் பழகும் சிறு பெண்களின் கதை. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. துடுப்புப் போடக் கற்றுக்கொள்ளும் பெண் இரண்டு கைகளிலும் உறை போட்டிருப்பாள். ஒரு படி தேறினால் ஒரு கை உறையைக் கழற்றிவிடலாம். முழுத் தேர்ச்சி பெற்றவள் வெறுங்கையோடு துடுப்புப் பிடிப்பாள். மூன்றாம் பருவத்தில் ஒரு சிறுமியின் இரண்டு உறைகளையும் அவளுடைய மூத்த தோழி ஒரேயடியாகக் கழற்றுகிற காட்சி வரும். ஆள் யார் என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பாவம். ஒரு கையுறையைக் கழற்றுவதற்குப் பார்க்கிறவர் கண்கலங்க வேண்டுமென்றால், அதற்கு முன் நாற்பது அத்தியாயம் அவர்களோடு பொறுமையாகப் படகில் போயிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தொடருக்கு யார் டப்பிங் செலவு செய்வார்கள்? அமெரிக்காவில் ரைட் ஸ்டஃப் நிறுவனத்தின் நோசோமி பிரிவு இதை சப்டைட்டிலோடு மட்டும் டிவிடியாக விற்றுவந்தது. பிறகு, முதல் பருவத்தின் 13 அத்தியாயங்களுக்கு மட்டும் ஆங்கிலக் குரல் கொடுக்க கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டார்கள். தொகை சேர்ந்தது, அதோடு நிற்கவும் இல்லை. கூடுதல் இலக்கு, அதற்கும் மேலே ஒன்று என்று ஏறி, மூன்று பருவங்களுக்குமே பணம் வந்துவிட்டது. முதல் இலக்கோடு நின்றிருந்தால் அந்தக் கையுறைக் காட்சி ஆங்கிலக் குரலில் வந்தே இருக்காது.

இதையெல்லாம் கேட்டால் ரசிகர்கள் கைகோத்தால் எதையும் மீட்கலாம் என்று தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 2013-ல் அனிமே சோல்ஸ் என்று ஒரு தளம் வந்தது. பழைய தொடர்களை இணையத்தில் ஓடவிட்டு, பிடித்திருந்தால் டிவிடிக்குப் பணம் கட்டுங்கள் என்றது. நியாயமான ஏற்பாடு. பாடகியாக மாறும் சிறுமியின் கதையான கிரீமி மாமிக்குப் பணம் சேர்ந்தது. ஒசாமு தெசாகி இயக்கிய டியர் பிரதருக்கும் சேர்ந்தது. ஆனால் யாட்டர்மேனுக்குச் சேரவில்லை. 1977-ல் தொடங்கி நூறு அத்தியாயத்துக்கு மேல் ஓடி, ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த தொடர் அது. அமெரிக்காவில் அதை நினைத்து உருக ஆள் போதவில்லை. பிறகு தளமும் மூடப்பட்டது. அதை நடத்திய சாம் பினான்ஸ்கி பின்னாளில் ஜே-நாவல் கிளப் தொடங்கி, ஜப்பானிய நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிடப் போய்விட்டார்.

என் எண்ணம் இதுதான். கூட்டுநிதியில் ஜெயிக்கிற தொடர்களைக் கவனிக்கப்படாதவை என்று சொல்வது பாதிதான் சரி. வியாபாரிகள் கவனிக்கவில்லை, ரசிகர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். திருட்டுப் பிரதியிலோ பழைய கேசட்டிலோ பார்த்து நேசித்த கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தால்தான் பணம் வரும். யாருமே பார்க்காத நல்ல தொடருக்கு இந்த வழியிலும் கதவு திறப்பதில்லை. அதற்கு அரசு ஆவணக் காப்பகமோ, நஷ்டத்துக்கு அஞ்சாத பதிப்பாளரோதான் வேண்டும்.

படைப்பாளிகளே நேராக வந்து கேட்டதும் உண்டு. மனிதரையும் ரோபோவையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற விதியோடு நடக்கும் ஒரு காபிக்கடையின் கதை டைம் ஆஃப் ஈவ். 2013-ல் அதன் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 18,000 டாலர் கேட்டார்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் கிடைத்தது. சுனாவோ கதாபுச்சியின் மை மை மிராக்கிள் படத்துக்கு பிரிட்டனிலிருந்து ஒரு நிறுவனம் 30,000 டாலர் கேட்டு ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிறகு அதே கதாபுச்சி, ஹிரோஷிமாவையும் குரே நகரத்தையும் பற்றிய தன் அடுத்த படத்துக்கு ஜப்பானிலேயே மக்களிடம் கை நீட்டினார். 3,374 பேர் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்கள் படத்தின் முடிவில் திரையில் வருகின்றன.

பணம் கட்ட நினைக்கும் நேயர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, காத்திருக்கத் தெம்பு வேண்டும். டர்ட்டி பேர் என்ற 1985-ம் ஆண்டுத் தொடருக்குப் பணம் கட்டிய ரசிகர்கள் தட்டுக்காகக் காத்திருந்தபோதே, 2022 ஆகஸ்டில், அந்தத் திட்டத்தை நடத்திய ரைட் ஸ்டஃப் நிறுவனத்தை, அனிமேயை இணையத்தில் ஓடவிடும் கிரஞ்சிரோல் நிறுவனம் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ரைட் ஸ்டஃப் கடையையும் மூடிவிட்டார்கள். இரண்டு, அமெரிக்கப் புளூ-ரே தட்டுகளில் பல, அமெரிக்கா அடங்கிய ஏ மண்டலத்து பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டப்பட்டவை. இந்தியா சி மண்டலத்தில் இருக்கிறது, இங்கே வாங்கிய பிளேயரில் அவை ஓடாது. எல்லா மண்டலமும் ஏற்கும் பிளேயர் இல்லாமல் தட்டை மட்டும் வரவழைத்தால், தபால் செலவும் சேர்த்து, அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் உதவும். திட்டத்தின் பக்கத்தில் மண்டல எழுத்தையும், எந்தெந்த நாடுகளுக்கு அனுப்புவார்கள் என்பதையும் பார்த்துவிட்டு அட்டையை எடுங்கள். நன்றி, வணக்கம்.