தடிமன் ஒன்றுதான், வோல்ட் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

சாவிக்கொத்தில் தொங்கும் கட்டைவிரல் அளவு டார்ச்சைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் 2016 என்று எண் பொறித்த இரண்டு பட்டன் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எண்ணின் முதல் பாதி விட்டம், 20 மில்லிமீட்டர். மறுபாதி தடிமன், 1.6 மில்லிமீட்டர். இரண்டை அடுக்கினால் 3.2. எந்தக் கடையிலும் கிடைக்கும் 2032 செல்லின் தடிமனும் அதேதான்; அச்சாகப் பொருந்தும். ஆனால் முன்பு இரண்டு செல்லும் சேர்ந்து 6 வோல்ட் இருந்த இடத்தில் இப்போது ஒரே செல்லின் 3 வோல்ட். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய அவ்வளவு தேவை என்பதால் விளக்கு எரியும், அழுதுவடிந்துகொண்டு எரியும்.

அப்படியானால் 6 வோல்ட்டில் எல்இடி கருகிப்போகாதா என்று கேட்பீர்கள். மலிவான டார்ச்சுகள் பலவற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் என்று தனியாக எதையும் வைப்பதில்லை. பட்டன் செல்லின் உள்தடையே, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் தடையே, அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கூடுதல் மின்னோட்டம் கேட்டால் செல் திணறும், வோல்ட் இறங்கிவிடும், எல்இடி பிழைத்துக்கொள்ளும். செல்லை மாற்றும்போது இந்தக் காவலையும் மாற்றுகிறோம் என்பது எனக்கு ஒரு டார்ச்சைப் பலிகொடுத்த பிறகுதான் உறைத்தது.

அது ஒற்றை ட்ரிபிள் ஏ செல்லில், அதாவது மெல்லிய பென்சில் செல்லில் எரியும் டார்ச்; எல்இடிக்கு வேண்டிய அளவுக்கு வோல்ட்டை ஏற்றித்தரும் சிறு சுற்று அதற்குள் இருக்கும். ஏறக்குறைய அதே உருவத்தில் 10440 என்ற லித்தியம் அயான் செல் வருகிறது. 1.5 வோல்ட்டுக்குப் பதில் முழு சார்ஜில் 4.2 வோல்ட். உள்தடையோ மிகக் குறைவு. போட்டதும் எதிர்வீட்டு மாடிவரை வெளிச்சம் பாய்ந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சிறிது நேரத்தில் கையில் பிடிக்க முடியாத சூடு. வெளிச்சம் நீலம் பாய்ந்தது. பிறகு அணைந்தது, அணைந்ததுதான்.

உங்கள் டார்ச் 4.2 வோல்ட்டைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் தாராளமாகப் போடலாம். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். சாதாரண ரீசார்ஜ் பேட்டரியின் சார்ஜர் ஆகாது. மேலுறையில் கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அந்தச் செல்லை வாங்காதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பில் 350 இருந்தாலே நல்ல சரக்கு.

இன்னொன்று. கழற்றிய பட்டன் செல்லை மேசைமேல் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அது அரித்துவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செல்லின் இரு முகத்திலும் டேப் ஒட்டி மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

கருகியதற்குப் பதிலாக அதே மாதிரி டார்ச் ஒன்று வாங்கினேன். அதில் 1.2 வோல்ட் நிக்கல் செல் போட்டிருக்கிறேன். எதிர்வீட்டு மாடி தெரிவதில்லை. மின்சாரம் போனால் ஃபியூஸ் கட்டை தெரிகிறது.

வணக்கம்.