க்ரூஸர் வாங்குகிறவர் முதலில் உட்கார்ந்து பார்க்கட்டும்

அன்புள்ள நேயர்களே, வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பற்றிப் பேச என்னை அழைத்த இந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. டர்பனில் பைக் பட்டறை வேலையிலேயே காலம் கழித்தவன் நான். கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான ஆட்கள் பட்டறைக்கு வருகிறார்கள். வயது நாற்பது, ஐம்பது இருக்கும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்து ஆட்கள். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடன் கொஞ்சம் இளைத்திருக்கிறது, இளம் வயதில் விட்டுப்போன பைக் ஆசை மறுபடி எழுந்திருக்கிறது. வேகமாகப் பறக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சாய்வாக உட்கார்ந்து நிதானமாக ஊர் சுற்ற ஒரு க்ரூஸர் வேண்டும், அவ்வளவுதான். உடனே அடுத்த கேள்வி: "எத்தனை சிசி எடுக்கலாம் அண்ணா?" அதாவது இன்ஜின் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று.

அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வண்டி சுகமாக இருப்பது ஒரு விஷயம், கைக்கு அடங்கி ஓடுவது வேறு விஷயம் என்று பலர் பிரித்து நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. சீட் எங்கே இருக்கிறது, ஹேண்டில்பார் எங்கே இருக்கிறது, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது: இந்த மூன்று புள்ளிகளும் உங்கள் உடம்புக்குப் பொருந்தினால் முதுகு வலிக்காது. முதுகு வலிக்காதவன் தோளைத் தளர்த்தி ஓட்டுவான். தோள் தளர்ந்திருந்தால் வண்டி வளைவில் சொன்னபடி கேட்கும்.

நடுத்தர க்ரூஸர் என்று நான் சொல்வது ஏறக்குறைய 450 சிசியிலிருந்து 900 சிசி வரை உள்ள வண்டிகளை. ஹோண்டா ரெபெல் 500, கவாசாகி வல்கன் எஸ், ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியர் 650 எல்லாம் இந்த வகை. பழைய வண்டி என்றால் யமஹா டிராக் ஸ்டார் 650, சுசூகி சி 50 (இந்த 50 சிசி அல்ல, பெயர் மட்டுமே), கவாசாகி வல்கன் 900. நம் நாட்டில் 125 சிசிக்கு மேல் எதை ஓட்டினாலும் ஏ வகை லைசென்ஸ் வேண்டும். கார் லைசென்ஸ் இருக்கிறதே என்று நினைத்து வண்டிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். ராயல் என்ஃபீல்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. 1955இல் சென்னையில் வேர்விட்டு, இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தமிழ்க் கைகள் பூட்டி அனுப்புகிற வண்டி அது. நம் முன்னோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி 1860 நவம்பரில் இந்த டர்பனில் வந்து இறங்கினார்கள். அதே ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பைக் இங்கே வந்து இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. அதற்காக அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, உட்காருவது என்றால் என்ன?

க்ரூஸர் படங்களில் ஓட்டுகிறவர் காலை முன்னால் நீட்டி, கையை உயர்த்தி, ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கால் முன்னால் போனதும் பாதம் எடையைத் தாங்குவதில்லை. மேல் உடம்பின் பாரம் முழுவதும் பிட்டத்திலும் முதுகெலும்பின் அடி நுனியிலும் இறங்கிவிடுகிறது. சாலையில் குழி வந்தால் சாதாரண பைக்காரர் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி லேசாக எழுந்துகொள்வார், முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கால் நீட்டி உட்கார்ந்தவரால் எழ முடியாது. அந்த இடி நேராக இடுப்புக்குப் போகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வேறு நெஞ்சில் மோதித் தள்ளும். அதைச் சமாளிக்க ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60இல் இருப்பதைப் போல 120இல் நாலு மடங்கு. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர்தான், அதற்குள்ளேயே கழுத்து இறுகிவிடும்.

அதனால் முதுகில் கொஞ்சமாவது தொந்தரவு உள்ளவர்கள் கால் நடுவில் இருக்கும் வண்டியைப் பாருங்கள். ரெபெல் 500இல் ஃபுட்ரெஸ்ட் ஏறக்குறைய முழங்காலுக்குக் கீழேயே இருக்கிறது. சூப்பர் மீட்டியரில் அதைவிட முன்னால். வல்கன் எஸ்ஸில் கவாசாகி ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள்: ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில் முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தலாம், சீட்டும் ஹேண்டில்பாரும் ஆளுக்கு ஏற்ற அளவில் கிடைக்கின்றன. குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே வண்டியை ஒழுங்காகப் பொருத்தித் தர முடியும். என் கணக்கில் அந்த ஒரு வசதி இருபது குதிரைத்திறனுக்குச் சமம்.

சீட் உயரம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ரெபெலின் சீட் தரையிலிருந்து 690 மில்லிமீட்டர், வல்கன் எஸ் 705, சூப்பர் மீட்டியர் 740. தாழ்வாக இருந்தால் சுகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குட்டையானவருக்கு அது சரிதான், இரண்டு பாதமும் தரையில் பதியும், சிக்னலில் நிற்கும்போது தைரியம் வரும். ஆறடி ஆள் அதே சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் மடங்கி இடுப்புக்கு மேலே வந்துவிடும், அரை மணி நேரத்தில் தொடை மரத்துப்போகும். மெத்தென்ற சீட்டும் ஏமாற்றும். கடையில் உட்காரும்போது பஞ்சு மாதிரி இருப்பது ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் இருக்கும் தட்டு எலும்பில் முட்டும். கொஞ்சம் கெட்டியாக, அகலமாக, பின்பக்கம் இடுப்பைத் தாங்குகிற மாதிரி இருக்கும் சீட்தான் தூரத்துக்கு உதவும்.

இனி சஸ்பென்ஷன், அதாவது சாலை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பு. வாங்குகிறவர்கள் யாரும் கேட்காத, விற்கிறவர்கள் யாரும் சொல்லாத விஷயம் இது. வண்டி தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக க்ரூஸரின் பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு இயங்கும் தூரம் மிகவும் குறைவு. வல்கன் எஸ்ஸின் பின்சக்கரம் மேலும் கீழும் 80 மில்லிமீட்டர்தான் அசையும். சூப்பர் மீட்டியரில் 101. சுசூகி வி-ஸ்ட்ராம் 650 மாதிரியான வண்டியில் 150க்கு மேல். நம் என்3 நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர்ப் பக்கம் உள்சாலையில் இறங்குங்கள், மழைக்குப் பிறகு குழி விழுந்த இடங்களில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முதுகுக்குத் தெரியும். அந்தச் சாலைகளில்தான் அதிகம் போவேன் என்கிறவர், க்ரூஸர் ஆசையைக் கொஞ்சம் ஒத்திவைத்து வேறு வகை வண்டியையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

க்ரூஸர்தான் என்று முடிவு செய்துவிட்டால், பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இறுக்கும் ப்ரீலோட் வளையத்தைத் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள். பல வண்டிகள் கடையிலிருந்து வந்த நிலையிலேயே வருஷக்கணக்கில் ஓடுகின்றன. பின்னால் ஒருவரை ஏற்றி, பையையும் கட்டினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். அப்போது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடுகிறது, ஹேண்டில்பார் மந்தமாகிறது, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. வளையத்தை இரண்டு படி ஏற்றினால் மூன்றும் சரியாகும். காசு செலவில்லாத வேலை இது.

ஃபோர்க்கின் சாய்வு என்றேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முன் ஃபோர்க் நெட்டுக்குத்தாக நின்றால் வண்டி சட்டென்று திரும்பும். படுத்திருந்தால் நேர்கோட்டில் கம்பீரமாகப் போகும், வளைப்பதற்கு மெனக்கெட வேண்டும். ரெபெலில் அந்தச் சாய்வு 28 டிகிரி, இரண்டு சக்கரத்துக்கும் இடைத் தூரம் 1490 மில்லிமீட்டர். வல்கன் எஸ்ஸில் 31 டிகிரி, 1575 மில்லிமீட்டர். அதனால் நெடுஞ்சாலையில் வல்கன் அசையாமல் போகும், டர்பன் நகருக்குள் க்ரே ஸ்ட்ரீட் நெரிசலில் ரெபெல் நுழைந்து வந்துவிடும். சூப்பர் மீட்டியரின் எடை 241 கிலோ, ரெபெல் 191. ஐம்பது கிலோ என்பது ஒரு மூட்டை அரிசி. ஓடும்போது அது தெரியாது, பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டி அதை மறைத்துவிடும். சரிவான முற்றத்தில் பின்பக்கமாகத் தள்ளும்போது தெரியும். சாட்ஸ்வர்த் மேட்டில் வீடு உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி கைக்கு அடங்குகிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் பழைய மெயின் ரோடு, அதாவது ஆர்103. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடும் பாதை. ஹில்க்ரெஸ்ட் தாண்டி போத்தாஸ் ஹில், ட்ரம்மண்ட், இன்சாங்கா என்று ஏறியும் இறங்கியும் வளைந்து போகும், பக்கத்தில் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு. அங்கே 60, 70 வேகத்தில் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்து, வளைய வேண்டிய பக்கத்து ஹேண்டில்பாரை லேசாக முன்னால் தள்ளுங்கள். வலது பக்கம் போக வலது கை தள்ள வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது தலைகீழாகப் படும், ஆனால் வேகத்தில் இரண்டு சக்கர வண்டி சாய்வது இப்படித்தான். நல்ல வண்டி அந்தத் தள்ளலுக்கு ஒரே சீராகச் சாய்ந்து, வளைவு முடியும்வரை அதே கோட்டில் நிற்கும். நடுவில் மறுபடி மறுபடி திருத்த வேண்டியிருந்தால் டயரையோ ஷாக்கையோ பாருங்கள், இல்லாவிட்டால் அது உங்களுக்கான வண்டி இல்லை.

க்ரூஸர் தாழ்வான வண்டி என்பதால் அதிகம் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். ஃபுட்ரெஸ்ட் மடங்கக்கூடியது, அதன் உரசல் ஒரு எச்சரிக்கை மட்டுமே. அதற்கு மேலும் சாய்த்தால் சைலன்சரோ சேஸியோ தரையில் முட்டும், அவை மடங்காது, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். முதல் உரசல் சத்தம் கேட்டதும் பதறி பிரேக்கை அமுக்காதீர்கள். வேகத்தை மெல்லக் குறைத்து, அடுத்த வளைவை நிதானமாக எடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலும் லெனேஷியாவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தீபாவளிக்கு பைக்கிலேயே போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போகலாம். என்3இல் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். லாரிகளின் காற்றுச் சுழலும், வான் ரீனன்ஸ் கணவாயில் பக்கவாட்டுக் காற்றும் இருக்கும், காலையில் மூடுபனியும் இறங்கும். கண்ணாடித் திரை பொருத்தினால் நெஞ்சில் அடிக்கும் காற்று குறையும். அதன் மேல்விளிம்பு மூக்குக்கு நேராக இருக்கட்டும், கண்ணுக்கு மேலே போனால் மழையில் வழி தெரியாது. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். காற்று மெலிந்திருப்பதால் எந்த இன்ஜினுக்கும் ஆறில் ஒரு பங்கு சக்தி அங்கே குறைந்துபோகும். கடற்கரையில் போதும் போதும் என்றிருந்த வண்டி மேலே போனதும் ஓவர்டேக் பண்ணத் திணறும். அந்தப் பயணம் அடிக்கடி உண்டு என்றால் 650க்குக் குறையாமல் எடுங்கள். சிசி கேள்விக்கு என் பதில் இங்கேதான் வருகிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கடற்கரை உப்புக்காற்று இரும்பைத் தின்னும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அது துருக்குழி, அது எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசிந்து பிரேக்கில் இறங்கும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள், நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் பேரிங் போய்விட்டது, அந்த வண்டி நேராகவே ஓடாது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், கெட்டிப்பட்ட ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. டிராக் ஸ்டார் 650இலும் சுசூகி சி 50இலும் செயின் கிடையாது, சுழலும் தண்டு பின்சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் டிரைவ். உப்புக்காற்றில் துரு ஏற வெளியே செயின் இல்லை என்பதே அவற்றின் பெரிய லாபம், பின் கியரில் எண்ணெய் மட்டும் மாற்றி வந்தால் போதும். பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்தி சான்றிதழ் தேவை. அதை விற்கிறவரே எடுத்துத் தரட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டு அம்மாவைப் பற்றி. வண்டி பார்க்கப் போகும்போது அவரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு. ரெபெலின் பின்சீட் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், சாய்மானமும் கிடையாது. அதில் ஏறி மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோவில்வரை ஒரு முறை போய் வந்தவர் அடுத்த முறை காரிலேயே போகலாம் என்றுதான் சொல்வார். இரண்டு பேராகச் சுற்றத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பின்சீட் அகலமாகவும் முதுகுச் சாய்மானம் பொருத்தும் இடமுள்ளதாகவும் இருக்கும் வண்டியைப் பாருங்கள். அவர் கால் வைக்கும் இடத்தில் முழங்கால் அதிகம் மடங்காமல் இருக்கிறதா, சைலன்சர் சூடு காலில் படுகிறதா என்று அவரையே கேளுங்கள். ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் தரமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் பாதியாவது அவர் பின்னால் இருக்க வேண்டும்.

வணக்கம்.